டெல்லி பேஸ், துவாரகா வீடு: பகலில் தூங்க முடிகிறதா?

பேஸ், அதாவது நான் தங்கிப் பணிக்குக் கிளம்ப வேண்டிய ஊர், டெல்லி என்று மெயில் வந்தபோது எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. ஊர் கரூர், ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறி, இப்போது டெல்லியின் துவாரகா பகுதியில் இரண்டு குளிர்காலம் கழித்துவிட்டேன். புதிதாக டெல்லி பேஸ் கிடைத்து வருகிறவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இருந்தது மஹிபால்பூரில் ஒரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி). விமான நிலையத்தின் டெர்மினல் 3 கூப்பிடு தூரம் என்பதால் புதிதாக வருகிற பலரும் அங்கேதான் போய் இறங்குவோம். தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டி லாட்ஜும் பிஜியும் நெருக்கியடித்து நிற்கும். என் அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ராத்திரி முழுக்க லாரி ஹாரன். நாலு மாதம்தான் தாங்கினேன்.

அடுத்தது குருகிராமில், சக விமானிகள் இரண்டு பேருடன். வீடு என்று பார்த்தால் மூன்றில் அதுதான் அழகு. லிஃப்ட், ஜெனரேட்டர், பதினான்காவது மாடிக் காற்று. ஆனால் ஒரு மழைநாள் மாலை டெல்லிக்குள் நுழையும் சிர்ஹௌல் எல்லையில் கேப் அப்படியே நின்றுவிட்டது. பணிக்கு ஆஜராக வேண்டிய ரிப்போர்ட்டிங் நேரத்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போதுதான் உள்ளே ஓடினேன். வானிலை அறிக்கையைக் கையில் வைத்திருக்கிறேன், எழுத்து மனதில் ஏறவில்லை. அந்த நிலையில் காக்பிட்டில் போய் உட்காரக் கூடாது என்று அன்று உறுதியாகத் தோன்றியது.

சரி, துவாரகா. செக்டார் 21 மெட்ரோ நிலையத்திலிருந்து விமான நிலையம் ஒரே ஸ்டாப். ஆனால் எங்களுக்கு அது பாதி நேரம் பயன்படாது. விடிகாலை மூன்று மணிக்கு மெட்ரோ ஏது? கம்பெனி கேப்தான். 2025 ஆகஸ்டில் துவாரகா எக்ஸ்பிரஸ்வேயின் டெல்லிப் பகுதி திறந்த பிறகு டெர்மினல் 3 போவது இன்னும் சுலபமாகிவிட்டது. டெர்மினல் 1-க்குப் பாலம் (Palam) என்ற பகுதி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். காலை நெரிசலில் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

தூரத்தை விட எனக்கு முக்கியம் பகல் தூக்கம். ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு அடியோடு சோர்கிற நேரம். அந்த நேரத்தில் பறந்துவிட்டு ஏழு மணிக்கு வீடு வந்தால், ஊர் விழிக்கும்போது நாம் தூங்கியாக வேண்டும். செய்து முடித்த டியூட்டியின் நேரம் அல்லது 12 மணி நேரம், இரண்டில் எது அதிகமோ அவ்வளவு ஓய்வு என்று விமானிகளுக்கான விதி சொல்கிறது. வாராந்தர ஓய்வும் 2025 ஜூலையிலிருந்து 36 மணி நேரம் என்பது 48 ஆகிவிட்டது. விதி தருவது நேரத்தை மட்டும்தான். தூக்கத்தை வீடுதான் தர வேண்டும்.

துவாரகாவில் முதலில் பார்த்த வீடு சாலையைப் பார்த்த படுக்கையறை. ஒன்பதரைக்குக் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, பத்தரைக்குப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா, எதிரே பள்ளிக்கூட மணி. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்போதைய வீடு ஒரு ஹவுசிங் சொசைட்டியில் மூன்றாவது மாடி. படுக்கையறை பின்பக்கம், கீழே வேப்பமரங்கள். மேல்மாடி வேண்டாம் என்றதற்குக் காரணம் மே மாத மொட்டைமாடிச் சூடு. வெளிச்சம் புகாத கனத்த திரை போட்டேன். அழைப்பு மணிக்குத் தனி சுவிட்ச் வைக்கச் சொன்னேன். மின்சாரம் போனாலும் ஏசி ஓடுமா என்று வாடகை பேசும் முன்பே கேட்டுக்கொண்டேன். வாடகை 36,000, பராமரிப்பு தனி.

விமானச் சத்தம்? டெல்லியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். அதனால் இறங்குகிறவை கிழக்கே வசந்த் குஞ்ச் மேலாக வரும், ஏறுகிறவை எங்கள் பக்கம் போகும். செக்டாருக்குச் செக்டார் வித்தியாசம் உண்டு. என் வீட்டில் கேட்கும், ஆனால் எழுப்பாது.

குறைகள் இருக்கின்றன. தண்ணீர் கடினம், கோடையில் டேங்கர் வரும் நாட்களும் உண்டு. நவம்பரில் காற்று எல்லா இடத்தையும் போல இங்கேயும் மோசம்தான். கல்யாண சீசனில் பேண்டு வாத்தியம் நள்ளிரவு தாண்டும். இன்னொன்று, காலனிகளில் இரவு பதினொன்றுக்கு மேல் ஒரு கேட்டைத் தவிர மற்றதைப் பூட்டிவிடுவார்கள். முதல் வாரம் கேப் டிரைவர் பூட்டிய கேட்டில் நின்றுகொண்டு "மேடம், எங்கே வரணும்?" என்று கேட்க, நான் பெட்டியை இழுத்துக்கொண்டு முழுச் சுற்று நடந்தேன். எந்த கேட் திறந்திருக்கும் என்று முதல் நாளே காவலாளியிடம் கேட்டு டிரைவருக்குச் சொல்லிவையுங்கள்.

பெண் விமானிகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி இரண்டு மணிக்குப் புறப்படுவேன் என்பதை வீட்டுக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் அதைக் கேட்டதும் எனக்கு வீடு இல்லை என்றார்கள். மூன்றாவதாக வந்த இந்த வீட்டுக்கார ஆன்ட்டி, என் ரோஸ்டரை (பணி அட்டவணையை) வாங்கித் தன் காலண்டரில் குறித்துக்கொண்டார். நான் தூங்கும் நாளில் மாடியில் மிளகாய் காயப்போடக்கூட வருவதில்லை.

குடும்பத்தைச் சென்னையிலேயே வைத்துவிட்டு லீவு நாளில், காலி சீட் இருந்தால் மட்டும் ஏறக்கூடிய ஸ்டாஃப் டிக்கெட்டில் போய்வரும் நண்பர்கள் உண்டு. போக மூன்று மணி, வர மூன்று மணி. தீபாவளி சமயத்தில் காலி சீட்டே இருக்காது. ஓய்வு அதிலேயே கரைந்துவிடுகிறது. நான் அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டேன். ஞாயிறு கிடைத்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர் போய் வருகிறோம். கறிவேப்பிலையும் தோசை மாவும் துவாரகா கடைகளிலேயே கிடைக்கின்றன.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில் காலை பத்தரைக்குப் போய், படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். புரோக்கர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. அப்படி உட்கார்ந்துதான் இந்த வீட்டை எடுத்தேன். அடுத்த பதினொரு மாதத்துக்கும் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டேன்.