மின் கட்டணம் பூஜ்ஜியம் என்று சொல்லி 18,500 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: சோலார் மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வீட்டு மாடியில் சோலார் தகடு பொருத்துவதற்கு மத்திய அரசு தரும் மானியத்தை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, எங்கள் குடும்பத்திடமிருந்து 18,500 ரூபாயை ஓர் இணையச் சேவைக் கடை பறித்துக்கொண்டது. நேற்று பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, இனிமேல் கடைக்கு வந்து தகராறு செய்தால் போலீசில் புகார் கொடுப்போம் என்று எங்களையே மிரட்டி அனுப்பினார்கள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். புகார் கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆதார் திருத்தம், பட்டா நகல், ரயில் முன்பதிவு என்று பலகை மாட்டி, உள்ளே இரண்டு கணினியும் ஒரு லேமினேஷன் மெஷினும் வைத்திருக்கும் கடைகள் எல்லா ஊர்களிலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா, அப்படிப்பட்ட கடைதான் அது.

நாங்கள் இருப்பது தென்காசி மாவட்டத்தில் ஒரு தொகுப்பு வீடு. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைப்பதால்தான் எங்களைப் போன்றவர்களால் கரண்ட் பில்லைச் சமாளிக்க முடிகிறது. ஆனால் கோடையில் மின்விசிறி இரவு பகலாக ஓடும், கல்யாண சீசன் என்பதால் தையல் மெஷினின் மோட்டாரும் நிற்காது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும், மேல் யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ரீடிங் எடுக்க வருகிறவர் அட்டையில் எழுதிவிட்டுப் போகும் தொகையைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான், அந்தக் கடையின் கண்ணாடியில் ‘ஏழைகளுக்கு இலவச சோலார், கரண்ட் பில் பூஜ்ஜியம்’ என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்தோம்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவர்களையும் இதே வழியில்தான் பிடிப்பார்கள். கடைக்காரர் எங்களிடம் மின் இணைப்பு எண்ணை மட்டும் கேட்டார். அதைக் கணினியில் தட்டியதும், இறந்துபோன என் மாமனாரின் பெயரையும் நாங்கள் கட்ட வேண்டிய தொகையையும் வாசித்துக் காட்டிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மின்வாரியத்தின் படமும் மாமனாரின் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்ததைப் பார்த்தபோது, இவருக்கு அரசாங்கத்தோடு ஏதோ நேரடித் தொடர்பு இருக்கிறது என்றே தோன்றியது. இணைப்பு எண் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த விவரத்தைப் பார்க்கலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது. “உங்களுடையது அரிசி கார்டுதானே அக்கா, அப்படியென்றால் முழு மானியம் உண்டு, நீங்கள் 18,500 மட்டும் கட்டினால் போதும், மீதியை அரசாங்கமே கம்பெனிக்குக் கட்டிவிடும்” என்றார். மாமனார் பெயரில் இணைப்பு இருப்பது பரவாயில்லையா என்று கணவர் கேட்டதற்கு, அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மகளிர் குழுவில் கடன் எடுத்து அந்த 18,500 ரூபாயைக் கொடுத்தோம். பத்தாயிரம் ரொக்கமாகவும், மீதி 8,500 ஜிபேயிலும் போனது. ஜிபே எண்ணில் கடையின் பெயர் வரவில்லை, வேறொரு ஆளின் பெயர் வந்தது. தம்பியின் எண் என்றார். கொடுத்த ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதி, அடியில் எறும்பு அளவு எழுத்தில் ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். முன்பணம் என்று வாயால் சொல்லி வாங்கியவர், ரசீதில் மட்டும் ஆலோசனை என்று எழுதியிருக்கிறார் என்றால், பணம் வாங்கும்போதே திருப்பித் தரும் எண்ணம் இல்லை என்றுதானே அர்த்தம்?

அதன் பிறகு கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் வந்தது. முதலில் சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். பிறகு மேலிடத்து ஒப்புதல் வரவில்லை, தகடு ஸ்டாக் இல்லை, மழை முடியட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மாடியைப் பார்க்கக்கூட ஓர் ஆள் வரவில்லை. ஒரு கிலோவாட் தகடுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும், எங்கள் மாடியில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுத் தென்னைமரங்களின் நிழல்தான் விழுகிறது. வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தொலைபேசியில் அழைத்தால், பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

கடைசியில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். எங்கள் இணைப்பு எண்ணில் எந்த விண்ணப்பமும் பதிவாகவே இல்லை என்று அங்கிருந்த பொறியாளர் பார்த்துச் சொன்னார். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், இறந்தவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றம் செய்த பிறகுதான் எதுவும் நகரும் என்றும் விளக்கினார். 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு அந்த மனிதர் ஒரு பட்டனைக்கூட அழுத்தவில்லை.

திட்டம் பொய்யில்லை, அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அரிசி கார்டா சர்க்கரை கார்டா என்று பார்த்து இந்தத் தொகை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தகடு பொருத்தி, மின்வாரியம் ஆய்வு செய்து, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் தகடு வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, எல்லாம் இயங்கத் தொடங்கிய பிறகே மானியம் வரும். அதுவும் நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை செலவு நம்முடையது, முடியாதவர்கள் வங்கியில் கடன் வாங்க வேண்டும். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்கிறார்கள், எங்கள் கோடைப் பயன்பாட்டுக்கு அது பில்லைக் குறைத்திருக்குமே தவிர பூஜ்ஜியம் ஆக்கியிருக்காது. இவ்வளவையும் அந்தப் பொறியாளர் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

காவல் நிலையத்தில், ரசீதில் ஆலோசனைக் கட்டணம் என்று இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம், நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுகிறோம். அங்கே ஐந்து லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லையாம். குழுக் கடனின் தவணை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தைத்து வரும் காசு அப்படியே அந்த 18,500 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தின் அரசுத் தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது, பொருத்தித் தரும் நிறுவனத்தையும் அங்கே உள்ள பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாடியைப் பார்க்காமல் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் கேளுங்கள், கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. ஜிபேயில் பணம் போய்விட்டதென்றால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துவிடுங்கள், கடைக்குப் போய் நியாயம் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.