‘பேஷண்ட் யாரும்மா?’

மதுரை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியோடு நின்ற பையன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “பேஷண்ட் யாரும்மா?”

“நான்தான் தம்பி.”

என் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். கட்டு இல்லை, நொண்டல் இல்லை. 46 வயது, தோளில் ஒரு பை. “மூட்டு வாதம்” என்றேன். உடனே முகம் இளகிவிட்டது. “எங்க அப்பத்தாவுக்கும் இருக்குக்கா, உக்காருங்க.” குடியேற்றச் சோதனை வரிசையைத் தாண்டி, பெட்டி எடுத்துக் கொடுத்து, வாசலில் நின்ற தம்பியின் காரில் ஏற்றிவிட்டுத்தான் போனான். சேவையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு எனக்கு மூட்டு வலிக்கவே இல்லை. நாற்காலி கேட்டது அசதிக்காக. லண்டனிலிருந்து கொழும்பு வழியாக வந்து இறங்கியவர்கள் அத்தனை பேருக்கும் அசதிதான். அசதி என்று சொல்லி யார் நாற்காலி கேட்க முடியும்?

முடக்குவாதம் வந்து எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் சரவாங்கி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். மருந்து ஒழுங்காகப் போகிறது. விரல் வீக்கம் வடிந்துவிட்டது. லண்டனில் கடைசியாகப் பார்த்த டாக்டர் நோய் அடங்கியிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். ஆனால் நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்தவளைப் போலத்தான் காலையில் எழுகிறேன். பல் தேய்த்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால்தான் முகம் கழுவ முடியும். தூங்கினாலும் போகாத அசதி. ஏன் என்று கேட்டால், “இந்த நோயில் இது சகஜம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தை மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்காகத்தான் வந்தேன். தங்கியது காமராசர் சாலையில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அம்மா வீடு. வெயில் பட்டதும் மூட்டெல்லாம் எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஆகிவிட்டது. “பாத்தியா, இங்கிட்டு வந்ததும் நல்லாயிட்ட” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அசதி மட்டும் பெட்டியோடு கூடவே வந்து இறங்கி, பெட்டிக்கு முன்னால் படுத்துவிட்டது.

மூன்றாம் நாள் கல்யாண வீட்டில் மத்தியானம் பாயை விரித்தவள் சாயங்காலம் வரை எழவில்லை. அம்மா பயந்துபோய், பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிரும்” என்றார். மஞ்சள் நிறத்தில் சத்து ஊசியும் அதிலேயே கலந்து ஏறியது. இரண்டு மணி நேரம் அந்தக் கட்டிலில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தெம்பு வந்ததா என்றால், படுத்திருந்ததில் கொஞ்சம் வந்தது. நம்மூரில் அசதிக்கு இருக்கிற ஒரே சேவை இந்தப் பாட்டில்தான். வாயால் சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டால் டாக்டரைவிட நம் வீட்டார்தான் முதலில் கோபித்துக்கொள்வார்கள். மருந்துகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். “அதெல்லாம் அங்கன பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

இனி மருந்துக்கடைக் கதை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முடக்குவாதத்துக்கு நான் எடுப்பது மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி, 15 மில்லிகிராம். இங்கிலாந்தில் 2.5 மில்லிகிராம் மாத்திரையாகத் தருவார்கள், அதனால் ஆறு மாத்திரை எண்ணிப் போட்டுப் பழகிய கை. இரண்டு வாரத்துக்குக் கொண்டுவந்தேன், மூன்று வாரம் தங்கும்படி ஆகிவிட்டது, அது என் தப்பு. தம்பியிடம் பழைய மருந்துச் சீட்டைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னேன். காக்கிக் கவரில் ஒரு ஸ்ட்ரிப் வந்தது. கவரின் மேல் பேனாவால் 0-0-1 என்று எழுதியிருந்தது. நம்மூர்க் கணக்கில் அதற்கு தினமும் ராத்திரி ஒன்று என்று பொருள். ஸ்ட்ரிப்பைத் திருப்பினேன். 7.5 மில்லிகிராம். வழக்கம்போல ஆறு போட்டிருந்தால் 45. கவரில் எழுதியிருந்தபடி தினமும் போட்டிருந்தால் அதைவிட மோசம். இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியும். வேண்டுமென்று செய்ததில்லை. எந்த மாத்திரைக்கும் மூன்று கட்டம் போட்டே பழகிய கை எழுதிவிட்டது. திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். சீட்டில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை மில்லிகிராம் மாத்திரை, எத்தனை எண்ணிக்கை, எந்தக் கிழமை என்று தமிழிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள்.

மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல இருக்கும். ஆக எனக்குச் சனி பிடிப்பது வாரா வாரம் சனிக்கிழமைதான். அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறொரு கிழமையில்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தம்பி மனைவிக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா, மூட்டு வாதத்துக்கே தனியாகப் படித்தவர், கே.கே. நகர் பக்கம் சாயங்காலம் பார்க்கிறார். டோக்கன் 31. ஏழு மணிக்கு உட்கார்ந்தவளுக்கு ஒன்பதரைக்கு முறை வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, சத்தமாக ஒரு டிவி, காத்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வயதுப் பெண்கள். பக்கத்தில் இருந்தவர் மேலூர்க்காரர், களையெடுக்கப் போகிறவர். “வலியக்கூட சொல்லிப்புடலாம்மா. இந்தக் கை கால் ஓஞ்சு வாரத வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்குறாக. சோலிக்குப் போக்குக் காட்டுறேன்கிறாக” என்றார். ஒன்பது வருடத்தில் என் நோயை இவ்வளவு சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா முதலில் கேட்டது மூட்டைப் பற்றி அல்ல. “எத்தனை மணிக்குப் படுக்குறீங்க, நடுவுல எத்தனை தடவை முழிக்கிறீங்க? மாதவிலக்கு அதிகமாப் போகுதா? வலி மாத்திரை எவ்வளவு நாளா? பேர் இல்லாத நாட்டு மருந்துப் பொடி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” கடைசிக் கேள்விக்கு அம்மாவைப் பார்த்தேன். அத்தை கொண்டுவந்தது முடவாட்டுக்கால் கிழங்கு மட்டும்தான், அது சூப்பாக உள்ளே போயிருந்தது. பொடி என்றால் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சாப்பிடும்போது தெம்பாக இருக்கும், நிறுத்தினால் ஆளைச் சாய்த்துவிடும், அதனால்தான் கேட்பேன் என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். மத்தியானம் வாட்ஸப்பில் ரிப்போர்ட். இந்த வேகத்துக்கு நான் கோயில் கட்டுவேன். தைராய்டு சரி, பி12 சரி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி சரி, ஹீமோகுளோபின் 10.8, அது குறைவு. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 64, இயல்பு என்று அச்சாகியிருந்தது. டாக்டரம்மா அதில் பேனாவை வைத்தார். உடம்பில் அழற்சி இருந்து இருந்து வந்தவர்களுக்கு ஃபெரிட்டின் தானாகவே கூடிக் காட்டும், அதை மட்டும் நம்பக்கூடாது என்று இரும்புச் செறிவையும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அது 11 சதவீதம், இருக்க வேண்டிய 20-க்கும் கீழே. “குடோன்ல அரிசி கொஞ்சம் கிடக்கு. அதையும் பூட்டி வச்சிருக்கு. அடுப்படிக்கு வரல” என்றார். அழற்சி கூடும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரக்கும், பூட்டுப் போடுவது அதுதானாம். குடோனே காலியாகிக்கொண்டு வந்ததற்கு மாதவிலக்கும், நான் வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரை வயிற்றில் செய்திருக்கக்கூடிய வேலையும் காரணமாக இருக்கலாம், ஊருக்குப் போனதும் வயிற்றைப் பார்த்துவிடுங்கள் என்றார். இரும்பு மாத்திரை எழுதினார், டீயோடு போடக்கூடாது, எலுமிச்சை ஜூஸோடு போடலாம்.

“அப்ப இதுதான் காரணமா டாக்டர்?”

“பாதி இதுவா இருக்கலாம். மீதி எனக்குத் தெரியலம்மா. மூட்டு அடங்குனவங்கள்லயும் நிறையப் பேருக்கு அசதி நிக்கிது. தினம் கொஞ்சம் நடங்க. முடியுற அன்னைக்கு அள்ளிப் போட்டுச் செய்யாதீங்க, முடியாத அன்னைக்குப் படுத்தே கிடக்காதீங்க.”

‘எனக்குத் தெரியல’ என்று ஒரு டாக்டர் சொல்லி, அதைக் கேட்டு நான் ஆறுதலாக எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை.

மீனாட்சியைப் பார்க்காமல் வர முடியுமா? செல்போனை வெளியிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனால், வரிசையில் நிற்பதுதான் பெரும்பாடு. உட்காரும் இடம் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தேன். பொற்றாமரைக் குளத்தின் படியில் அரைமணி நேரம் இருந்தேன். அங்கே உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நடப்பதற்குத் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது, ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விடியற்காலையில் மதுரையில் பாதி அங்கேதான் கை வீசிக்கொண்டிருக்கும். முதல் நாள் ஒரு பக்கம் நடந்து, திண்டில் உட்கார்ந்து, அப்படியே திரும்பிவிட்டேன். ஒரு வாரத்தில் இரண்டு பக்கம். நடுவில் ஒரு சனிக்கிழமை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவும் கூட வந்தார். அவருக்கு 71. மூன்றாவது பக்கம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி, கண்ணுக்கு எதிரே தெரிகிறது. நடந்திருக்கலாம். நடந்திருந்தால் பெட்டி கட்ட ஆள் இருந்திருக்காது. பருத்திப்பால் வண்டிக்காரரிடம் ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு ஆட்டோவைக் கை காட்டினேன்.

“இந்தா தெரியுற எடத்துக்கா?” என்றார் ஆட்டோக்காரர், அம்மாவைப் பார்த்து. “பெரியவகளுக்கு முடியலையாக்கா?”

“எனக்கு நல்லாத்தேன் இருக்கு. அவளுக்கு அசதி” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார் அம்மா.