மாயவாளை உடைக்கும் உரிமை: டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் ஏழாம் அத்தியாயம்

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வீடொன்றின் மாடியில், ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி, தமிழும் மலையாளமும் கலந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கற்பனைக் கதையொன்றில் பயணிக்கும் ஆட்டம் அது. கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர் நடுவர். 2014இல் வெளிவந்த, 320 பக்கங்கள் கொண்ட, நடுவருக்கான நூலாகிய டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடை நான் வாங்கிப் படித்ததற்குக் காரணம், அந்த மேசையில் நடந்த கதையில் என் கதாபாத்திரத்தின் மாயவாள் உடைந்ததுதான். ஆகையால் இந்த மதிப்புரை நூல் முழுவதையும் பற்றியதன்று. புதையலைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்தை, ஆட்டக்காரர் போற்றி வைத்திருக்கும் மாயப்பொருளை நடுவர் அழிக்கலாமா என்ற ஒரே கேள்வியோடு படித்ததன் பயன் இது.

அந்த வாளை என் கதாபாத்திரம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஏந்தியிருந்தது. சண்டைகள் எளிதாகிவிட்டன என்று கருதிய எங்கள் நடுவர், ஒரு மாலையில் சம்மட்டியோடு வந்த எதிரி அதை உடைத்துவிட்டான் என்று அறிவித்தார். பகடை உருட்டப்படவில்லை, அந்தச் சம்மட்டியைப் பற்றி முன்பே ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. பொருளை இழந்த வருத்தத்தைவிட, அதைக் காக்க எனக்கு ஒரு வாய்ப்பும் தரப்படவில்லையே என்ற வருத்தமே பெரிதாக இருந்தது. அடுத்த இரண்டு ஞாயிறுகளில் மேசை கூடவில்லை.

பழைய பதிப்புகள் இந்த விஷயத்தில் இரக்கம் காட்டியதில்லை. 1979ஆம் ஆண்டு நடுவர் நூலில், மந்திரத்தால் வீசப்படும் தீப்பந்தில் சிக்கி, பகடையில் தப்பத் தவறியவரின் உடைமைகளும் தனித்தனியே பகடையில் தப்ப வேண்டும் என்ற விதியும், அவை எதனால் ஆனவை என்பதற்கேற்ப எண்களைத் தரும் அட்டவணையும் இருந்தன. ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்து, இந்த ஆட்டத்தைப் படைத்தவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் உருவாக்கிய, இரும்பைத் துருவாக்கித் தின்னும் மிருகத்திடமிருந்து, அந்நாளில் மந்திரம் ஏறிய வாளும் முழுப் பாதுகாப்புப் பெற்றதில்லை. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே மிருகம் மந்திரமற்ற உலோகத்தை மட்டுமே அரிக்கிறது. மாய மருந்துகளும் மந்திரம் எழுதிய சுருள்களும் நீங்கலாகப் பெரும்பாலான மாயப்பொருட்கள் எல்லா வகைச் சேதத்தையும் பாதியாகத் தாங்கும் என்று ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

ஆயினும் அழிவை இந்நூல் ஒழித்துவிடவில்லை. அதை ஆட்டக்காரரின் கையில் கொடுத்திருக்கிறது, அதுவே இதன் பெரிய சிறப்பு. தீப்பந்து வீசும் மந்திரக்கோலுக்கு ஏழு அளவு ஆற்றல் உண்டு. ஒவ்வொரு விடியலிலும் அதில் ஒரு பகுதி திரும்பும். ஆனால் கடைசி அளவையும் செலவிட்டால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் கோல் சாம்பலாகிவிடும். எங்கள் மேசையில் என் அக்கா மகன் அந்தக் கோலை வைத்திருந்தான். நாங்கள் நால்வரும் சுற்றி வளைக்கப்பட்டிருந்த ஓர் இரவில், ஒரே ஓர் அளவு மிஞ்சியிருக்க, “மாமா, கடைசியையும் வீசிப் போடட்டுங்களா?” என்று கேட்டான். வீசினான், நாங்கள் பிழைத்தோம், பிறகு உருட்டிய பகடையில் ஒன்று விழுந்தது. ஒருவரும் முறையிடவில்லை. பொருட்களை அவன் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறம் எழுதி வைப்பான். அந்தக் கோலின் அட்டையில் மட்டும் ‘சாம்பல்’ என்று எழுதி இன்றும் வைத்திருக்கிறான்.

எங்கள் பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் தோல்பாவைக்கூத்தில், இராவணன் சிவன் தந்த வாளையும் களத்தில் விட்டு வெறுங்கையோடு இலங்கை திரும்புவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இழப்பு நெஞ்சில் தைப்பதற்குக் காரணம், அவன் தானே தேடிப் போன போரில் அது நேர்ந்தது என்பதுதான். என் வாளுக்கு அப்படியொரு போர் தரப்படவில்லை.

நூலின் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். மாயப்பொருட்களின் உறுதி பற்றிய பேச்சு ஒரு சிறு பத்தியில் முடிந்துவிடுகிறது. எப்போது உடைக்கலாம், அதற்கு முன் ஆட்டக்காரருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பத்தியில் விடையில்லை. எல்லையற்ற வலிமையுள்ள வாளைத் தானே கொடுத்துவிட்டு, பின்னர் கைபிசையும் நடுவர்தான் பெரும்பாலும் சம்மட்டியைத் தேடுகிறார். அவரிடம், ‘கொடுத்தது என் பிழை, இதை எப்படிச் சரிசெய்வோம்?’ என்று ஆட்டக்காரரிடமே பேசுங்கள் என்று அச்சில் சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு ஞாயிறுகள் வீணாகியிருக்கமாட்டா.

விடைக்கு மிக அருகில் வருவது, அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் உள்ள, ஆட்ட உலகின் பெருவல்லமை வாய்ந்த தொன்மப் பொருட்களின் பகுதி. வெக்னா என்ற கொடிய மந்திரவாதியின் கண்ணும் கையும் ஒரே உடலில் பொருந்தியிருக்க, அந்த உடலை, அவனுடைய தளபதியாயிருந்த காஸின் வாள் கொன்றால்தான் அவ்விரண்டும் எரிந்து சாம்பலாகும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அழிப்பதற்கே ஒரு நெடும்பயணம் வேண்டும், அந்தப் பயணத்தில் ஒவ்வோர் அடியும் தெரிந்தே எடுத்து வைப்பதாக இருக்கும். நடுவர் இருக்கையில் அமரவிருப்பவர்கள் இந்நூலை வாங்கலாம். வாங்கியதும் உறுதி பற்றிய பத்திக்கு முன் இந்தப் பக்கங்களைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நடுவரும் படித்தார். உடைந்த வாளின் துண்டுகளைச் சேர்க்கத் தெரிந்த கொல்லன் ஒருவன் மலைக்கு அப்பால் இருப்பதாகச் சென்ற ஞாயிறு சொல்லியிருக்கிறார்.