பச்சைக் குழலும் நரம்பு ஊசியும்: விடுமுறையில் நழுவிய ஒரு தோள்மூட்டு

விடுமுறைக்கு ஊர் வந்த நான்காம் நாள் ஈரமான மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில், என் வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. அண்ணன் என்னைக் காரில் ஏற்றி ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று செவிலியர் கேட்டபோது ஒன்பது என்றேன்; பத்தை எதற்கு மிச்சம் வைத்தேனோ தெரியவில்லை. அங்கே வலிநிவாரணி நரம்பு வழியாக மட்டுமே கொடுக்கப்பட்டது. நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுகளுக்கு முன் கணுக்கால் முறிந்தபோது மூச்சு வழியாக மருந்து பெற்றிருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு விரும்பாமலே வாய்த்தது.

அன்று ஆம்புலன்ஸ் பணியாளர் என் கையில் கொடுத்தது, ஊதல் போன்ற ஒரு பச்சை நிறக் குழல். உள்ளே இருக்கும் திரியில் மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற, ஆவியாகும் வலிநிவாரணி 3 மில்லிலிட்டர் ஊற்றப்பட்டிருந்தது. உறிஞ்சினால் பழவாடை வரும். ஆறேழு மூச்சுக்குள் வலி எங்கோ தள்ளிப் போய் நின்றது. குழலில் உள்ள சிறு துளையை விரலால் மூடினால் மருந்தின் செறிவு கூடும், திறந்துவிட்டால் காற்று கலந்து குறையும். வெளிவிடும் மூச்சையும் குழலுக்குள்ளேயே விடச் சொன்னார்கள். சுற்றியிருப்பவர்கள் அந்த ஆவியைச் சுவாசிக்காதபடி அதிலுள்ள கரி அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, மருந்தின் அளவு நோயாளியின் கையிலேயே இருப்பதுதான். கிறக்கம் மிகுந்தால் கை தளர்ந்து குழல் வாயிலிருந்து விலகிவிடும், மருந்தும் நின்றுவிடும்.

இங்கே நிலைமை வேறு. மார்ஃபின் சிரிஞ்சில் ஏற்றப்பட்டுத் தட்டில் தயாராக இருந்தது. ஆனால் வலியிலும் பயத்திலும் சுருங்கிக் கிடந்த என் கையில் நரம்பு அகப்படவில்லை. செவிலியர் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கி, புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, "கையை இறுக்காதீங்க, இந்த முறை கிடைச்சிடும்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது குத்தில்தான் ஊசிக்குழாய் உள்ளே இறங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மருந்து எத்தனை நிமிடத்தில் வேலை செய்யும் என்று கணக்கிடுகிறவர்கள், நரம்பைத் தேடும் நேரத்தையும் அதில் சேர்த்தே ஆக வேண்டும். நோயாளிக்கு அதுவும் வலி நேரம்தான்.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகு அதன் வலிமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டிரண்டு மில்லிகிராமாகச் செலுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மதிப்பெண் கேட்டார்கள். கஞ்சத்தனம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மார்ஃபின் முழு வீச்சை எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும் என்பதாலும், அளவு மீறினால் மூச்சே தளர்ந்துவிடும் என்பதாலும், அந்த நிதானம்தான் சரியான முறை. விரலில் ஆக்ஸிஜன் அளவி மாட்டியதும் அதற்காகவே. நிலை மோசமானால் நலாக்ஸோன் கொடுத்து மார்ஃபினை முறிக்கலாம் என்பதும் ஒரு தெம்பு. குமட்டல் வந்தது, அதற்கும் ஓர் ஊசி போட்டார்கள். மூட்டை இடத்தில் பொருத்தியபின் சில மணி நேரம் வலி தலைகாட்டவில்லை. பச்சைக் குழலோ விடாமல் உறிஞ்சினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஆஸ்திரேலியாவில் அன்று எக்ஸ்ரேவுக்காகக் காலைத் திருப்பியபோது அது தீர்ந்துபோய், கடைசியில் நரம்பு ஊசியிடம்தான் சரணடைந்தேன்.

ஆகவே இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று நான் கருதவில்லை. இத்தாலியில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்விலும், முதல் பத்து நிமிடங்களில் மூச்சுவழி மருந்தே முந்தியது. அதே சமயம் அது எல்லோருக்கும் ஆகாது. மெத்தாக்ஸிஃப்ளூரேன் முன்பு அறுவை மயக்க மருந்தாகப் பெரிய அளவில் கொடுக்கப்பட்டுச் சிறுநீரகங்களைக் கெடுத்ததால் கைவிடப்பட்ட ஒன்று. இன்றைய சிறு அளவிலும் சிறுநீரகப் பழுதுள்ளவர்களுக்கும் சுயநினைவு தடுமாறுகிறவர்களுக்கும் கொடுப்பதில்லை. மூச்சு வழியாகவே கொடுக்கப்படும் இன்னொரு வலிநிவாரணியான, ஆக்ஸிஜனுடன் சரிபாதி கலந்த நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு இன்னும் விரைவாக வந்து விரைவாகப் போகும். ஆனால் விலா முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால் இந்த வாயு அதற்குள் புகுந்து அதைப் பெருக்கிவிடும் என்பதால், விழுந்து அடிபட்டவருக்கு மார்பைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

வீடு திரும்பும்முன், ஊசி ஏறும்வரை உறிஞ்ச ஏதாவது கொடுத்திருக்கலாமே என்று மருத்துவரிடம் கேட்டேன். நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு உருளை மேலே பிரசவ அறையில் இருப்பதாகவும், அவசரப் பிரிவுக்கு அதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றும் சொன்னார். "இரண்டு மாடிதானே டாக்டர்?" என்றார் அண்ணன். அவர் சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.