ஒட்டுக்கன்று என்று விற்கப்படும் ரம்புட்டான் விதைக்கன்றுகள்: பெங்களூரில் பழமரம் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீட்டு மனையில் பழமரம் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. எங்களுக்கு நேர்ந்தது அவர்களில் இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நகரின் தெற்கு விளிம்பில் உள்ள ஒரு நர்சரியில் 'என்-18' ரக ஒட்டுக்கன்றுகள் என்று சொல்லி எங்களிடம் விற்கப்பட்ட மூன்று ரம்புட்டான் கன்றுகளும் ஒட்டுக்கன்றுகளே அல்ல. யாரோ தின்ற பழத்தின் கொட்டையை முளைக்க வைத்து, தண்டில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, அதன்மேல் டேப்பைச் சுற்றி விற்ற விதைக்கன்றுகள் அவை. இந்த மோசடி வெளிப்படுவதற்குள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ரம்புட்டானைப் பொறுத்தவரை கன்று எப்படி உருவானது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரத்தை விதையிலிருந்து வளர்த்தால் ஏறக்குறைய பாதி மரங்கள் ஆண் மரங்களாகிவிடும். அவை எத்தனை வயதானாலும் காய்ப்பதில்லை. எஞ்சியவை காய்த்தாலும், பழம் தாய்மரத்தைப் போல இருக்கும் என்ற உறுதி கிடையாது. பெரும்பாலும் புளிப்பு மிகுந்து, சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் கேரளத்தில் தோட்டம் போடுபவர்கள், காய்ப்புத் தெரிந்த மரத்திலிருந்து மொட்டு எடுத்து நாற்றில் கட்டிய கன்றையே வாங்குகிறார்கள். மங்குஸ்தானில் இந்தக் கவலை இல்லை. அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால் விதைக்கன்றும் தாயைப் போலவே வளரும். ரம்புட்டான் கொட்டையோ சில நாட்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்றாலும், பருவத்தில் கே.ஆர். மார்க்கெட்டில் குவியும் பழத்தில் இரண்டு கிலோ வாங்கினால் ஒரு பாத்தி நிறைய நாற்று விட்டுவிடலாம். நாற்றுக்கு ஆகும் செலவு அவ்வளவுதான். எங்களிடம் கன்று ஒன்றுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வாங்கினார்கள்.

நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டதும் நர்சரிக்காரர் தானே முன்வந்து தமிழில் பேசினார். "அம்மா, நீங்க நம்ம ஊர்க்காரங்க, உங்ககிட்ட பொய் சொல்லிட்டு நான் எங்க போகப்போறேன்? தாய்லாந்துல இருந்து வந்த தாய்ச்செடியில எடுத்த ஒட்டு, மூணாவது வருஷமே காய் பாருங்க" என்றார். ஒட்டுப்போட்ட இடம் எது என்று என் கணவர் கேட்டதற்கு, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுற்றியிருந்த பச்சை டேப்பைத் தொட்டுக் காட்டி, "ஒரு வருஷத்துக்கு இதை அவுத்துடாதீங்க சார், ஒட்டு விட்டுப்போயிடும்" என்றும் சொன்னார். முதல் நாளே வாட்ஸ்அப்பில் சிவந்த பழக்குலையின் படத்தோடு 'என்-18 ஒட்டு, காய்ப்பு உறுதி' என்று அவர் அனுப்பிய செய்தி இன்றும் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்த ரசீதில் 'பழச்செடி – 3' என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ரகத்தையும் ஒட்டு என்பதையும் எழுதித் தரும்படி கேட்டபோது, கம்ப்யூட்டர் பில்லில் அப்படியெல்லாம் வராது என்று சொல்லிவிட்டார்.

பெங்களூரில் ரம்புட்டான் வளர்ப்பது எளிதல்ல. தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் ஜனவரிக் குளிரில் செடியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மார்ச், ஏப்ரலின் வறண்ட காற்றில் இலை நுனிகள் கருகுகின்றன. அமிலத்தன்மை உள்ள மண்ணை, அதாவது கார அமில நிலை 5 முதல் 6.5 வரை இருக்கும் மண்ணை விரும்பும் மரத்துக்கு நமது போர்வெல்லின் கடினநீர் ஒத்துவருவதில்லை. ஆகவே மழைநீரைத் தொட்டியில் சேர்த்து ஊற்றினோம். வேரைச் சுற்றி இலைச்சருகு மூடாக்குப் போட்டோம். கோடையில் நிழல்வலை கட்டினோம். மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. காய்ப்பு இல்லாததற்குக் குளிரும் தண்ணீருமே காரணம் என்று நர்சரிக்காரர் பின்னாளில் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பதை வாசிப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் காய்க்க வேண்டிய மரங்கள் ஐந்தாம் ஆண்டு கடந்த பிறகே பூத்தன. இரண்டு மரங்களில் பூங்கொத்துகள் நிறைந்து, தேனீக்கள் நாள் முழுவதும் மொய்த்தன. பிறகு ஒரு பிஞ்சு கூட நிற்காமல் எல்லாம் காய்ந்து உதிர்ந்தன. மூன்றாவது மரத்தில் ஒரு கைப்பிடி அளவு காய் நின்றது. சதையைக் கொட்டையிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. வாயில் வைக்க முடியாத புளிப்பு.

நர்சரிக்காரரைக் கேட்டபோது முதலில் மண்ணைக் குறை சொன்னார். அடுத்துப் பூ உதிர்வைத் தடுக்கும் டானிக் என்று ஒரு பாட்டிலை விற்றார். அதன் பிறகு, "மகரந்தத்துக்குத் துணை மரம் வேணும்மா, இன்னும் ரெண்டு கன்னு எடுத்துட்டுப் போங்க" என்றார். கடைசியாகச் சொன்ன இந்த வார்த்தைதான் எனக்கு ஆறாத கோபத்தைத் தந்தது. சூலகமே இல்லாத ஆண் பூவுக்குத் துணையாகப் பத்து மரங்களை நட்டாலும் அதில் காய் பிடிக்காது. கன்று தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

உண்மையைச் சொன்னவர் என் அக்காவின் சம்பந்தி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரம்புட்டான் வைத்திருப்பவர். பூவை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். காய்க்கும் மரத்தின் பூவில் நடுவே இரண்டு பிளவாக உள்ள சூலகமும், அதன்மேல் இரண்டாகப் பிரிந்து வளைந்த சூல்முடியும் வெறும் கண்ணுக்கே தெரியும் என்றும், ஆண் மரத்தின் பூவில் மகரந்தக் கேசரங்கள் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும் என்றும் விளக்கினார். எங்கள் இரண்டு மரங்களின் பூக்களிலும் கேசரங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. "தங்கச்சி, இது ஆண் மரம்மா. ஒட்டுக்கன்னா இருந்தா இப்படி வராது. அடித்தண்டைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றார். டேப் இருந்த இடத்தில் ஆறிப்போன பிளேடு கீறலின் தழும்பைத் தவிர எந்த இணைப்பும் இல்லை என்பது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே கன்று வாங்குவதற்கு முன் தண்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ரம்புட்டானில் வழக்கமாகச் செய்வது மொட்டுக்கட்டுதல். நாற்றின் பட்டையில் ஒரு சிறு சதுரத்தை உரித்து, தாய்மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அங்கே பதித்துக் கட்டுவார்கள். மொட்டு பிடித்ததும் அதற்கு மேலுள்ள நாற்றின் தலையை வெட்டிவிடுவார்கள். அதனால் உண்மையான ஒட்டுக்கன்றில் மூன்று அடையாளங்கள் தெரிந்தாக வேண்டும்: சதுரப் பட்டைத் தழும்பு, அதற்கு மேலே வெட்டப்பட்ட நாற்றுத் தண்டின் கட்டை, அந்தத் தழும்பிலிருந்து பக்கவாட்டில் புறப்பட்டுப் பின் நிமிர்ந்து வளரும் கிளை. இணைப்புக்குக் கீழும் மேலும் பட்டையின் நிறமும் தடிமனும் சற்று வேறுபடும். மண்ணிலிருந்து நுனிவரை வளைவே இல்லாமல் ஒரே நேர்க்கோடாக, ஒரே பட்டையாகப் போகும் தண்டு விதைக்கன்றின் தண்டு. அதில் எத்தனை டேப் சுற்றியிருந்தாலும் அது மாறாது. மொட்டுக்கட்டிய டேப்பைச் சில வாரங்களிலேயே நர்சரியில் அவிழ்த்துவிடுவார்கள். ஆளுயரத்துக்குத் தழைத்து விற்பனைக்கு வந்த கன்றில் டேப்புக்கு எந்த வேலையும் இல்லை. டேப்பை அவிழ்த்துக் காட்ட மறுப்பவரிடம் கன்று வாங்க வேண்டாம்.

தாய்லாந்து இறக்குமதி என்று சொல்பவரிடம் ஆவணத்தைக் கேளுங்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, வெளிநாட்டிலிருந்து நடவுச்செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உண்மையாகவே இறக்குமதி செய்தவரிடம் அவை இருக்கும். அதைவிட, நமக்குப் பக்கத்திலேயே நம்பகமான வழிகள் இருக்கின்றன. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் குடகு செட்டள்ளி நிலையம் 'அர்க்கா கூர்க் அருண்' என்ற சிவப்பு ரகத்தையும் 'அர்க்கா கூர்க் பீதாப்' என்ற மஞ்சள் ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. தேசியத் தோட்டக்கலை வாரியம் நர்சரிகளை ஆய்வு செய்து நட்சத்திரத் தரம் கொடுத்து அங்கீகரிக்கிறது; அந்தச் சான்றிதழ் கடையில் இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆண் மரம் என்று தெரிந்தாலும் வேரோடு பிடுங்கிவிட வேண்டியதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் தண்டை இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிட்டு, புதிதாகத் தழைக்கும் கிளைகளில் வலுவான இரண்டு மூன்றை மட்டும் விட்டு, அவை முற்றியதும் காய்ப்புத் தெரிந்த மரத்தின் மொட்டைக் கட்டலாம். வேர் ஏற்கெனவே பரவியிருப்பதால் புதுக்கன்றைவிட இது சீக்கிரம் காய்ப்புக்கு வரும். எங்கள் இரண்டு ஆண் மரங்களிலும் சம்பந்தியே மொட்டுக் குச்சி கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். ஒன்றில் பிடித்துத் துளிர்விட்டிருக்கிறது, மற்றொன்றில் மறுபடியும் கட்ட வேண்டும்.

விற்றவர்மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அவர் பதில் தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவே மனுவைப் பதியலாம். செடி விஷயமெல்லாம் நுகர்வோர் வழக்கில் வராது என்று நர்சரிக்காரர் எங்களை மிரட்டிப் பார்த்தார். தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், குறைபாடுள்ள விதையை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. எங்களுக்குள்ள சிக்கல் காலக்கெடு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு இரண்டு ஆண்டுக் கெடு வைக்கிறது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். பூக்கும்வரை ஏமாற்று தெரிய வழியே இல்லை என்பதைத்தான் காரணமாக எழுதியிருக்கிறோம்.

கடந்த ஓரிரு ஆண்டுகளில் டேப் சுற்றிய ரம்புட்டான் கன்றை வாங்கி நட்டிருப்பவர்களுக்கு அந்தக் கெடு இன்னும் முடியாமல் இருக்கலாம். பூக்கும்வரை காத்திருக்காமல் டேப்பை இப்போதே அவிழ்த்துத் தண்டைப் பாருங்கள். இணைப்பு இல்லையென்றால் தேதி தெரியும்படி படம் எடுத்து, ரசீதையும் விற்றவர் அனுப்பிய செய்திகளையும் அதனோடு சேர்த்து வைத்து, உடனே புகார் பதிந்துவிடுங்கள்.