கல் தரைக்கு ஊடுருவும் சீலர்: எதைக் காக்கும், எதைக் காக்காது

மார்பிள், ட்ராவர்டைன், ஸ்லேட் போன்ற கல் டைல்ஸில் கறை சட்டென ஊறாமலிருக்கப் பூசும் திரவம்தான் சீலர். அதில் இரண்டு வகை. ஒன்று கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். மற்றது வார்னிஷ் போல மேலே படலமாக நிற்கும். வீட்டுத் தரைக்கு எங்கள் ஓட்டு முதல் வகைக்கே. படலம் போட்ட புதிதில் பளபளக்கும்தான். ஆனால் ஆள் நடக்கும் தடத்தில் சீக்கிரமே கீறல் விழும். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பு பூக்கும், கல்லின் மேல்பரப்பே பொரிந்து உதிரவும் செய்யும்.

வாங்கும் முன் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கருத்திருந்தால் சீலர் வேண்டும். கருக்கவே இல்லையா, வாங்காதீர்கள். கிரானைட்டில் பல ரகம் அப்படித்தான். உறிஞ்ச இடமில்லாததால் சீலர் மேலேயே காய்ந்து திட்டாகிவிடும்.

பூசுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். தரையைக் கழுவி குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். டைல் இடைவெளியை நிரப்பும் கிரௌட் புதிதென்றால் 3 நாளாவது ஆகட்டும். மூலையில் ஒரு டைலில் முதலில் பூசி நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு சதுர மீட்டராகப் பூசிக்கொண்டு போங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கல் குடித்துத் தீர்த்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் விட்டு, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். வேலை கெடுவது இங்கேதான். துடைக்காமல் விட்ட சீலர் மங்கலாகக் காய்ந்து நிற்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது துணி போன தடம் முழுக்கத் தெரியும். அதன் மேலேயே புது சீலர் கொஞ்சம் தேய்த்தால் இளகும், உடனே துடைத்துவிடலாம். அடுத்த 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

எண்ணெய், காபி கொட்டினால் ஊறுவதற்குள் துடைக்க அவகாசம் கிடைக்கும், சீலரின் பலன் அவ்வளவுதான். புளிப்பை அது தடுக்காது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ மார்பிளின் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து மங்கிய வட்டம் விட்டுப்போகும். அது கறையல்ல, அரிப்பு. பாலிஷ் போட்டால்தான் போகும். இதை டப்பாவில் பெரிய எழுத்தில் போடாதது பெரிய குறை. கழிவறை கழுவும் ஆசிட்டும் இந்தக் கல் பக்கம் வரவே கூடாது, அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை பிஹெச் கிளீனர் போதும்.

எண்ணெய் ஏற்கெனவே ஊறிவிட்டதா? சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அரை சென்டிமீட்டர் தடிமனில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம் வையுங்கள். பிறகு தாளை எடுத்து முழுக்கக் காயவிட்டுச் சுரண்டுங்கள். காயும்போதுதான் எண்ணெய் மேலே வரும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை ஆகலாம். கறை போனபின் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி சீலர் பூசினால் போதும்.