தராசுக்குப் பின்னால் தஸ்தயேவ்ஸ்கி

நான் அந்தக் கடைக்குப் போனது பேப்பர் போட. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் வீட்டில் காகிதம் எப்படிச் சேரும் என்று சொல்லவா வேண்டும்? இரண்டு பக்கமும் அடித்துத் தீர்த்த தாள்கள், போன வருடத்து வினாத்தாள்கள், பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன ஷார்ட்ஹேண்ட் நோட்டுகள் என்று மூன்று மூட்டை. பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், பெயர்ப் பலகை இல்லாத பழைய பேப்பர் கடை. அண்ணாச்சி மூட்டையை ஏற்றி எடைக்கல் மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்குப் பின்னால் ஒரு இரும்பு ரேக் தெரிந்தது. மேல் தட்டு முழுக்க ஒரே ஆசிரியர்: ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி.

மூட்டைக்கு 540 ரூபாய் வந்தது. அதில் 180 ரூபாயை அங்கேயே விட்டுவிட்டு, அன்னா தஸ்தயேவ்ஸ்கயா தன் கணவரைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகளின் ஆங்கிலப் பதிப்போடு வீட்டுக்கு நடந்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது இப்போது அங்கேதான் இருக்கிறேன். ஆகவே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் இது என்று நினைக்க வேண்டாம். பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர் கடையில் ரஷ்ய நாவல் எப்படி வந்தது என்பதற்கு அண்ணாச்சியிடம் நேரான பதில் இருக்கிறது. இந்தப் பக்கம் ரயில்வே ஒர்க்ஷாப், பின்னி மில், யூனியன் என்று வாழ்ந்தவர்கள் ஊர். மாஸ்கோவில் அச்சடித்த புத்தகம் மலிவு விலைக்குக் கிடைத்த காலத்தில், மாதம் ஒன்று என்று வாங்கி பீரோவில் அடுக்கியவர்கள் நிறையப் பேர். "அவுக போனதும் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே மூட்டை வந்துரும் டீச்சர்" என்பார். எடைக்கு எடுத்ததை எடைக்கே போட அவருக்கு மனசு வரவில்லை. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் எந்தப் புத்தகத்தை ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று கவனித்துத் தனியாக எடுத்து வைத்தார். அப்படித்தான் மேல் தட்டு நிரம்பியது.

கீழ்த் தட்டில் டால்ஸ்டாய் இருந்தாராம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். 'போரும் அமைதியும்' அதோடு போனது.

கணக்கு எளிது. சொந்தமாக வேண்டும் என்றால் அட்டையில் போட்ட விலையில் பாதி. வாடகைக்கு என்றால் 300 ரூபாய் முன்பணம், வாரத்துக்கு 20. விலை அழிந்துபோன பழைய பதிப்புகளுக்கு அவர் வாயில் வருவதுதான் விலை. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து அது ஏறும், இறங்கும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

ஞாயிறு நாலு மணிக்கு மேல் பேப்பர் வரத்து ஓய்ந்துவிடும். அப்போது வாசலில் ஒரு பெஞ்ச், கவிழ்த்த இரண்டு பெயின்ட் டப்பா, என் போன்ற வயதானவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வருகிறவர்கள் ஆறேழு பேர். லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் எங்களுக்கு லோகோ சார். உணவு டெலிவரி செய்யும் வியாசர்பாடித் தம்பி ஒருவன் இரண்டு ஆர்டருக்கு நடுவில் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து நிற்பான். 'இயற்கை' படம் பார்த்துவிட்டு, அதற்கு மூலம் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பைத் தேடி வந்தவன். வந்தவன் போகவில்லை.

இந்தக் கடையின் உண்மையான சரக்கு என்று எனக்குப் படுவது, நாவலும் வாழ்க்கை வரலாறும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. பெரிய கடைகளில் நாவல் ஒரு மாடி, வரலாறு வேறொரு மாடி. இங்கே 'சூதாடி' கேட்டால் அண்ணாச்சி கூடவே அன்னாவின் குறிப்புகளையும் எடுத்து நீட்டுவார். "ரெண்டையும் சேத்துக் கொண்டுபோங்க, தனியாப் போனா பாதிதான் வெளங்கும்னு லோகோ சார் சொன்னாரு." எனக்கும் அப்படித்தான் நீட்டினார். ஒரு ஷார்ட்ஹேண்ட் டீச்சருக்கு இதைவிடச் சரியான புத்தகத்தை யாரும் கொடுத்திருக்க முடியாது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1865இல் தஸ்தயேவ்ஸ்கி கடன் நெருக்கடியில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் ஒரு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்கிறார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் புதிய நாவல் தராவிட்டால், ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்த ஆள் காசு தராமல் வெளியிட்டுக்கொள்ளலாம். அக்டோபர் பிறந்தும் ஒரு வரி எழுதவில்லை. நண்பர்கள் சொல்லி, ஒல்ஹின் என்பவரின் சுருக்கெழுத்து வகுப்பிலிருந்து ஒரு மாணவியை வரவழைக்கிறார். இருபது வயது அன்னா. கூலி 50 ரூபிள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதி, இரவு வீட்டில் படியெடுத்து, 26 நாளில் 'சூதாடி' முடிகிறது. பதிப்பாளரோ வாங்கிக்கொள்ளாமல் ஊரைவிட்டு நழுவிவிட்டான். கைப்பிரதியைப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுகிறார்கள். அடுத்த பிப்ரவரியில் கல்யாணம்.

இதை எல்லோரும் காதல் கதையாகச் சொல்வார்கள். நான் படித்தது டிக்டேஷன் கதையாக. முதல் நாள் அவர் ஏதோ பத்திரிகையிலிருந்து படபடவென்று வாசிக்க, அன்னா நிறுத்தி, பேசும் வேகத்தில் சொல்லச் சொல்கிறாள். படியெடுத்துக் காட்டியதும் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனதற்குக் கடுகடுக்கிறார். இந்தப் பக்கத்தை என் மாணவிகளுக்குத் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறேன். ஜூனியருக்கு நிமிடத்துக்கு 80 வார்த்தை, சீனியருக்கு 120 என்று கண்ணில் நீர் வரப் பழகும் பிள்ளைகள் அவர்கள். பிட்மேன் முறையில் ஒரு கோட்டை மெல்லிசாக இழுத்தால் 'சே', அதையே அழுத்தி இழுத்தால் 'ஜே'. விரல் கொஞ்சம் தடுமாறினால் வார்த்தையே வேறு. அன்னா கற்றது கேபல்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியரின் முறையைத் தழுவியது. முறை எதுவானால் என்ன, எதிரே உட்கார்ந்திருப்பவர் புகைத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தபடி சொன்னால் பென்சில் படும் பாடு ஒன்றுதான். ஆண் என்றால் குடித்துவிடுவான், நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்று அவர் சொன்னதாக அன்னா எழுதும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தத் தொழிலில் பெண்களை எடுக்க முதலாளிகள் சொல்லும் காரணங்கள் நூற்றைம்பது வருடமாக அதிகம் மாறவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு 1867இல் வெளிநாடு போகிறார்கள். அவர் சூதாட்ட மேஜையில் தோற்று, மனைவியின் நகையை அடகு வைக்கிறார். அன்னா அந்த நாட்களின் டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதினாள், புருஷனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால். அதில் அவளே உண்டாக்கிக்கொண்ட குறிகள் பல. பின்னாளில் அவளே படியெடுத்தபோது சில இடங்களை மழுப்பியிருக்கிறாள் என்பது, 1950களில் பொஷெமான்ஸ்கயா என்ற லெனின்கிராட் சுருக்கெழுத்தாளர் மூலக் குறிகளை உட்கார்ந்து அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. என்னைக் கேட்டால் அந்தம்மாவுக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். என் மாணவி போன வாரம் எழுதியதையே எனக்கு அவிழ்க்க முடிவதில்லை.

லோகோ சாருக்கு அன்னாவின் குறிப்புகள் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. "பொண்டாட்டி எழுதுனா அப்படித்தான் இருக்கும்" என்பார். அவருடைய வேதம் ஜோசப் ஃபிராங்க் எழுதிய வரலாறு. 1976 முதல் 2002 வரை ஐந்து பாகங்களாக வந்தது. ரேக்கில் இருப்பது ஐந்தையும் ஒன்றாகச் சுருக்கி 2009இல் வந்த பதிப்பு. சுருக்கியதே தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். அண்ணாச்சி ஒருநாள் விளையாட்டாக அதைத் தராசில் வைத்தார். எதிர்த்தட்டில் இருந்த ஒரு கிலோ கல் மேலே போய்விட்டது.

ஆனால் சார் அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ததை மறக்க மாட்டேன். 1849 டிசம்பர் 22. அரசாங்கத்துக்கு எதிராகக் கூடிப் பேசிய குற்றத்துக்காகக் கைதானவர்களைப் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மைதானத்தில் நிறுத்தி, மரண தண்டனையை வாசிக்கிறார்கள். மூன்று மூன்று பேராகக் கூப்பிடுகிறார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியாயிற்று. தஸ்தயேவ்ஸ்கி ஆறாவது ஆள், அடுத்த வரிசை. கடைசி நொடியில் தண்டனை சைபீரியாவுக்கு மாறுகிறது. இதை ஃபிராங்கிலிருந்து சொல்லி முடித்த கையோடு, எம்.ஏ. சுசீலா தமிழாக்கிய 'அசடன்' நாவலைத் திறந்து, இளவரசன் மிஷ்கின் சொல்லும் இடத்தை வாசித்தார். சாகப்போகிறவனுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். நண்பர்களிடம் விடைபெற இரண்டு நிமிடம், தன்னைப் பற்றி யோசிக்க இரண்டு நிமிடம், மீதி சும்மா சுற்றிப் பார்க்க என்று அவன் பங்கு பிரிக்கிறான். தூரத்தில் ஒரு தேவாலயத்தின் பொன் முலாம் பூசிய கூரையில் வெயில் மின்னுகிறது.

"அஞ்சு நிமிஷம்னா எவ்ளோ நேரம் சார்?" என்று கேட்ட தம்பி, போனில் டைமர் வைத்துப் பெஞ்சின் மேல் வைத்தான். யாரும் பேசவில்லை. அதற்குள் ஒரு பையன் அட்டைப்பெட்டிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணாச்சி எடை போட்டார், கணக்குப் பார்த்தார், பணம் கொடுத்தார், பையன் எண்ணிப் பார்த்துப் பத்து ரூபாய் குறைகிறது என்றான், அதையும் கொடுத்தார். பையன் போனான். எட்டிப் பார்த்தால் டைமரில் இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சரி, குறைகளுக்கு வருவோம். தூசி என்றால் தூசி. எனக்கு ஆஸ்துமா உண்டு, முகக்கவசம் இல்லாமல் ரேக் பக்கம் போவதில்லை. ராமபாணப் பூச்சி சில புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊசியால் குத்தியது போல் துளைத்திருக்கிறது. பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. ஆறரைக்கு மேல் சந்தில் விளக்கும் சரியில்லை, நாய்களும் சரியில்லை. போன் செய்து புத்தகம் எடுத்து வைக்கச் சொன்னால் 'ஆகட்டும் டீச்சர்' என்பார், மறந்துவிடுவார். புதுப் புத்தகம் போல வேண்டும் என்பவர்கள் இங்கே வந்து ஏமாற வேண்டாம்.

ஒரு குறையை நானே கற்பனை செய்து சண்டையும் போட்டேன். கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் பழைய மொழிபெயர்ப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் 'பிசாசுகள்' நாவலை வாடகைக்கு எடுத்தேன். படித்து முடித்த பிறகு, ஸ்தவ்ரோகின் துறவியிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் அத்தியாயம் அதில் இல்லை என்று தெரிந்தது. ஏற்கெனவே ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் பணம் கட்டி, கடைசிப் பதினாறு பக்கம் இல்லாத திருட்டு அச்சு வாங்கி ஏமாந்தவள் நான். நேரே போய், "கிழிஞ்ச புத்தகத்துக்கு வாடகையா அண்ணாச்சி?" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பாவம், பைண்டிங்கைத் தடவித் தடவிப் பார்க்கிறார். லோகோ சார் டீயை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: கிழியவில்லை, நாவல் தொடராக வந்த பத்திரிகையின் ஆசிரியர் கத்கோவ் அந்த அத்தியாயத்தைப் போட மறுத்துவிட்டார், 1922இல்தான் அது வெளியே வந்தது, கார்னெட் மொழிபெயர்த்தது அதற்கு முன்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணாச்சி மசால் வடை வாங்கிக் கொடுத்தார். அந்த வார வாடகையை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டார்.

போனால் 'கரமசோவ் சகோதரர்கள்' உள்ளட்டையைத் திறந்து பாருங்கள். ஒரே ஆளுக்கு நாலு பெயர் வைக்கும் ரஷ்யப் பழக்கத்தில் தலை சுற்றிய யாரோ முகம் தெரியாத வாசகர், நீல மையில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருக்கிறார். "மீத்யா = திமித்ரி. மூத்தவன். கையில் காசு தங்காது." "இவான். நடுவுலவன். படிச்சவன், தூக்கம் வராது." "அல்யோஷா = அலெக்ஸி. சின்னவன். இவன்கிட்ட எல்லாரும் வந்து சொல்லுவாங்க." அப்பன் கரமசோவுக்கு எதிரே எழுதியிருப்பதை இங்கே எழுத முடியாது, சரியான வடசென்னை வார்த்தை. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "ஆமா" என்று இருக்கிறது.

'அசடன்' இப்போது என்னிடம். அடுத்து தம்பி பெயரும், அதற்கடுத்து ஒரு நர்ஸ் அக்கா பெயரும் அண்ணாச்சி நோட்டில் ஏறியிருக்கின்றன. நாலாவதாக வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் படித்த பிரதிகளின் ஓரத்தில் பென்சிலில் கோழி கிளறியது போல் இருப்பது என் பிட்மேன். போன மாதம் ஒருவர் அதைக் கிறுக்கல் என்று ரப்பர் வைத்து அழித்திருக்கிறார், தயவுசெய்து வேண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை வந்து கேளுங்கள், படித்துச் சொல்கிறேன். சில இடங்களை மட்டும் சொல்ல மாட்டேன்.